முகம் சுளித்ததற்கு நஷ்டஈடு கிடையாது டீச்சர், பதினோரு மணி நேரத்துக்கு உண்டு

கேள்வி கோத்தகிரியிலிருந்து, ஓய்வுபெற்ற ஒரு பள்ளி ஆசிரியையிடமிருந்து. மகளின் பிரசவத்துக்காகக் கணவரோடு ம்யூனிக் போய், மூன்று மாதம் இருந்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். கொச்சியில் ஏறி, வளைகுடாவில் விமானம் மாறி, ம்யூனிக். திரும்பியதும் அதே வழிதான். போகவர ஒரே டிக்கெட். அவர் குறைகளை அவர் எழுதிய வரிசையிலேயே சுருக்கித் தருகிறேன்:

"பணிப்பெண் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. தண்ணீர் கேட்டு மணி அடித்தால் அரைமணி கழித்து முகத்தைச் சுளித்துக்கொண்டு வருகிறாள். 'இந்து உணவு' என்று பதிவு செய்திருந்தும் மூடியைத் திறந்தால் கோழி. டீயை வாயில் வைக்க முடியவில்லை. எனக்கு முன்னால் இருந்த திரை வேலை செய்யவில்லை. காசு கொடுத்துப் பக்கத்துப் பக்கத்து சீட் வாங்கியும் நான் 26ஆம் வரிசை, அவர் 41. திரும்பும்போது ம்யூனிக்கில் ஏதோ இன்ஜின் கோளாறு என்று தாமதம். அடுத்த விமானம் போய்விட்டது. கொச்சிக்குப் பதினோரு மணி நேரம் கழித்து வந்து சேர்ந்தோம். கையில் ஒரே ஒரு சாப்பாட்டுக் கூப்பன். பெட்டி இரண்டு நாள் கழித்து வந்தது, மலைக்கு அனுப்ப முடியாது என்றதால் டாக்சி வைத்துப் போய் எடுத்துவந்தோம், ஒரு சக்கரத்தைக் காணோம். இவருடைய பிரஷர் மாத்திரையும் கண்ணாடியும் அதில்தான் இருந்தன. ஆளுக்கு எண்பதாயிரம் கொடுத்து இதுதானா மரியாதை? வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது, இன்னும் மனசு ஆறவில்லை."

டீச்சர், குன்னூரில் இருபத்து மூன்று வருஷமாக விமான டிக்கெட் போட்டுக் கொடுப்பவன் நான். பேரன் பேத்தியைப் பார்க்கப் போகிற அப்பா அம்மாக்கள், கூடலூர் பக்கமிருந்து வளைகுடா போகிறவர்கள், நர்ஸுகள், கப்பல் வேலைக்காரர்கள் என்று யார் போய்வந்தாலும் முதல் வசவு எனக்குத்தான். எல்லா வசவும் உங்கள் கடிதத்தின் வரிசையில்தான் வரும். சிரிக்கவில்லை, சாப்பாடு சரியில்லை என்பது முதலில். தாமதமும் பெட்டியும் கடைசியில், போகிற போக்கில். காசு இருப்பதோ அந்தக் கடைசி இரண்டில். ஆகவே உங்கள் பட்டியலைக் கீழிருந்து மேலாகப் படிக்கப் போகிறேன்.

பெட்டியிலிருந்து ஆரம்பிக்கலாம், ஏனென்றால் அதற்கு நாள் ஓடிக்கொண்டிருக்கிறது. பன்னாட்டுப் பயணத்தில் பெட்டி கெட்டால், தொலைந்தால், தாமதமானால் கம்பெனி எவ்வளவு பொறுப்பு என்பதை 1999இல் மாண்ட்ரியலில் எழுதப்பட்ட ஒப்பந்தம் வகுத்திருக்கிறது. இந்தியா 2009இல் அதில் சேர்ந்தது. அதன்படி, சேதமான பெட்டிக்கு அது கையில் கிடைத்த 7 நாளுக்குள்ளும், தாமதமாக வந்த பெட்டிக்குக் கிடைத்த 21 நாளுக்குள்ளும் எழுத்தில் புகார் போய்விட வேண்டும். போனில் கத்தியது கணக்கில் வராது. உங்கள் பெட்டி வந்து பத்து நாள் ஆகிறது. சக்கரத்துக்கு இனி வழியில்லை, அதை விட்டுவிடுங்கள். தாமதத்துக்கு இன்னும் பதினோரு நாள் பாக்கி.

உச்சவரம்பு எவ்வளவு என்று கேட்பீர்கள். 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1519 எஸ்டிஆர். எஸ்டிஆர் என்பது பன்னாட்டு நாணய நிதியம் வைத்திருக்கும் ஒரு கணக்கு அலகு. 1519 என்றால் ஏறக்குறைய 2000 டாலர். இதைக் கேட்டதும் பலரும் 2000 டாலர் வந்துவிடும் என்று கணக்குப் போட்டுவிடுகிறார்கள். அது கூரை. அதற்குக் கீழே, உங்களுக்கு நிஜமாக ஆன செலவுக்கு மட்டும்தான் பணம், அதுவும் ரசீது இருந்தால். சொந்த வீட்டுக்குத் திரும்பியவருக்குப் புதுத் துணி வாங்கினேன் என்று சொல்ல முடியாது. ஆனால் ஐயாவுக்கு மறுபடி வாங்கிய மாத்திரை, அவசரத்துக்குப் போட்ட கண்ணாடி, எல்லாவற்றையும்விடப் பெரியதாக அந்த டாக்சி வாடகை இருக்கிறதே. தவறிய பெட்டியை வீட்டுக்கே அனுப்பிவைப்பதுதான் இந்தத் தொழிலில் பொதுவான வழக்கம். கோத்தகிரியிலிருந்து கொச்சி விமான நிலையம் இருக்கும் நெடும்பாசேரிக்கு இறங்கி ஏறிய வாடகையை நீங்கள் ஏன் சுமக்க வேண்டும்? டிரைவரிடம் தேதியும் கிலோமீட்டரும் போட்டு ஒரு ரசீது எழுதி வாங்குங்கள்.

நல்லவேளை, பெட்டி வராத அன்றே கவுன்டரில் தாள் எழுதி வாங்கியிருக்கிறீர்கள் என்பது கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய படத்தில் தெரிகிறது. அதன் பெயர் பிஐஆர். மேலே மூன்று எழுத்தில் விமான நிலையம், இரண்டு எழுத்தில் கம்பெனி, பிறகு ஐந்து எண். இந்தப் பத்து எழுத்துதான் உங்கள் வழக்கின் ஆதார் கார்டு.

நான் அதை வாங்காமல் வந்தவன். 2012இல் கோலாலம்பூரிலிருந்து சென்னை வந்து இறங்கினேன். பெல்ட் சுற்றி நின்றுவிட்டது, என் பெட்டியைக் காணோம். கவுன்டரில் எனக்கு முன்னால் எட்டுப் பேர். ராத்திரி ஒன்பது மணிக்குச் சென்ட்ரலில் நீலகிரி எக்ஸ்பிரஸ். அதை விட்டால் ஒரு நாள் போச்சு. ஊருக்குப் போய் போன் செய்துகொள்ளலாம் என்று ஓடினேன். காலையில் மேட்டுப்பாளையத்தில் இறங்கி, டீக்கடை வாசலில் நின்று போன் போட்டால், "ரிப்போர்ட் நம்பர் சொல்லுங்க சார்" என்றாள் அந்தப் பெண். எந்த நம்பரைச் சொல்வேன்? டிக்கெட் விற்கிற ஆளுக்கே இந்தக் கதி. மூன்று வாரம் கழித்துப் பெட்டி வந்தது, உள்ளே பாதிச் சாமான் இல்லை. ஐந்து பைசா கிடைக்கவில்லை. ரயில் போய்விடும், இருட்டினால் மலை ஏற வண்டி கிடைக்காது, மழை வந்தால் ரோட்டில் மண் சரியும் என்று பறப்பது மலைக்காரர்களான நமக்கு ஒரு வியாதி. அந்த அரைமணி நேரம்தான் நம்மைத் தோற்கடிக்கிறது.

அடுத்தது பதினோரு மணி நேரம். இதை நீங்கள் அரை வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். நானாக இருந்தால் இதை மட்டுமே எழுதியிருப்பேன். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2004ஆம் வருஷத்து 261ஆம் எண் விதி என்று ஒன்று உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் விமான நிலையத்திலிருந்து கிளம்பும் விமானம் எந்த நாட்டுக் கம்பெனியுடையதாக இருந்தாலும் அது பொருந்தும். வெளியிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும்போதோ, ஐரோப்பியக் கம்பெனியாக இருந்தால் மட்டும்தான். அதனால் கொச்சியிலிருந்து போனபோது இதே தாமதம் நடந்திருந்தால் இந்த விதியில் உங்களுக்கு ஒன்றுமில்லை. நம் ஊர் விதியிலும் வெறும் தாமதத்துக்குச் சாப்பாடு, நேரம் நீண்டால் தங்குமிடம் என்பதோடு சரி, கையில் பணம் கிடையாது. ஆனால் நடந்தது ம்யூனிக்கில்.

3500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்தில், போய்ச் சேர்வது 4 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் ஆளுக்கு 600 யூரோ. உங்கள் இரண்டு பேருக்கும் 1200. "ம்யூனிக்கில் தாமதம் மூன்றே மணி நேரம்தானே, மீதி வளைகுடாவில் காத்திருந்தது" என்று கம்பெனி சொல்லிப் பார்க்கும். ஒரே டிக்கெட்டில் மாறிப் போகும் பயணத்தைத் துண்டு துண்டாகப் பார்க்கக் கூடாது என்று 2018இலேயே ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெர்லினில் கிளம்பி, மொராக்கோவின் காசாபிளாங்காவில் மாறி, அகாதிர் போன ஒரு பயணியின் வழக்கு அது. கடைசி ஊரில் எத்தனை மணி தாமதம் என்பதுதான் கணக்கு. உங்கள் கடைசி ஊர் கொச்சி.

கம்பெனியின் அடுத்த பதில் "அசாதாரணச் சூழல்" என்று வரும். புயல், பனி, வான்வெளி மூடல் என்றால் அது செல்லும், பணம் கிடையாது. இன்ஜின் கோளாறு அப்படியில்லை. விமானத்தை ஓட்டுகிற வேலையில் வழக்கமாக வரும் தொழில்நுட்பப் பழுதை அசாதாரணம் என்று சொல்லித் தப்ப முடியாது என்பது 2008 தீர்ப்பு. நம்ம மலை ரயில் இன்ஜின் ரன்னிமேட்டில் நின்றுவிட்டால் டிரைவர் மழையைக் குற்றம் சொல்ல முடியுமா, அதுபோலத்தான். அன்று ம்யூனிக்கில் தாமதத்துக்கு என்ன காரணம் சொன்னார்கள் என்பது உங்கள் போனில் குறுஞ்செய்தியாகவோ மின்னஞ்சலாகவோ இருக்கும். அழித்துவிடாதீர்கள்.

இன்னொன்று. பணத்துக்குப் பதிலாக "அடுத்த பயணத்துக்கு வவுச்சர் தருகிறோம், இங்கே கையெழுத்துப் போடுங்கள்" என்று ஒரு தாள் வரலாம். நீங்கள் கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்டால்தான் வவுச்சர், இல்லாவிட்டால் பணமாகத்தான் தர வேண்டும் என்று அந்த விதியே சொல்கிறது. போடாதீர்கள். இதற்கு அவசரமும் இல்லை. ஜெர்மனியில் இப்படிப்பட்ட கோரிக்கைக்குப் பயணம் நடந்த வருஷம் முடிந்ததிலிருந்து மூன்று வருஷம் அவகாசம் உண்டு.

இனி சாப்பாடு. இதில் கம்பெனிக்காரன் மேல் பாதித் தப்பு, டிக்கெட் போட்டவர் மேல் பாதி, காற்றின் மேல் கொஞ்சம்.

கோழி வந்தது சமையல்காரரின் கவனக்குறைவு இல்லை டீச்சர். 'இந்து உணவு' என்று பட்டியலில் இருப்பதற்கு நாலெழுத்துக் குறி ஹெச்என்எம்எல். மாட்டிறைச்சி கிடையாது, பெரும்பாலும் பன்றியும் கிடையாது. கோழி, ஆடு, மீன், முட்டை எல்லாம் வரும். அது அசைவம் சாப்பிடும் இந்துக்களுக்கான தட்டு. நமக்கு வேண்டியது ஏவிஎம்எல், ஆசிய சைவம். சாதம், பருப்பு, கூட்டு மாதிரி ஏதோ ஒன்று அதில் இருக்கும். விஜிஎம்எல் என்று போட்டால் பால் தயிர்கூட இல்லாத சைவம், ஜெர்மன்காரர்கள் விரும்பிச் சாப்பிடும் வேகவைத்த காய்கறி. விஜேஎம்எல் ஜைன உணவு. அதில் வெங்காயம் பூண்டோடு உருளைக்கிழங்கும் போய்விடும், ஊட்டிக்காரர்களுக்கு அது ஒத்துவராது. பெயரைப் பார்த்து மகளோ மருமகனோ நல்லெண்ணத்தில் 'இந்து' என்பதைச் சொடுக்கியிருப்பார்கள். என்னிடம் வருகிறவர்களிலேயே பத்துக்கு நாலு பேர் இப்படித்தான் கேட்கிறார்கள். பொதுவாகக் கிளம்புவதற்கு 24 மணி நேரம் முன்புவரை மாற்றிக்கொள்ளலாம். டிக்கெட் விற்றது ஒரு கம்பெனி, ஓட்டுவது இன்னொரு கம்பெனி என்றிருந்தால், ஓட்டுகிற கம்பெனியிடமே போன் போட்டு அந்த நாலெழுத்து ஏறியிருக்கிறதா என்று கேட்டுவிட வேண்டும்.

டீ கதை வேறு, அது நமக்கு நன்றாகப் புரிய வேண்டிய கதை. பறக்கும் விமானத்துக்குள் தரைமட்டக் காற்றழுத்தம் இருக்காது. பழைய ரக விமானங்களில் அது 8000 அடி உயரத்துக்குச் சமமாக, அதாவது 2440 மீட்டர் வரை, போகும். ஊட்டி 2240, தொட்டபெட்டா 2637. ஆக நீங்கள் ஐரோப்பாவுக்குப் போனது ஊட்டிக்கும் தொட்டபெட்டாவுக்கும் நடுவே எங்கோ உட்கார்ந்துகொண்டுதான். போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்ற புதியவற்றில் 6000 அடிக்குள் வைத்துக்கொள்கிறார்கள். அது ஏறக்குறைய உங்கள் கோத்தகிரி வீட்டு உயரம். குஞ்சப்பனை தாண்டும்போது சிப்ஸ் பாக்கெட் உப்பிக்கொண்டு நிற்குமே, காது அடைக்குமே, அதே ஏற்றத்தை விமானம் இருபது முப்பது நிமிஷத்தில் முடித்துவிடுகிறது.

அந்த அழுத்தத்தில் தண்ணீர் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஊட்டியிலும் அதே கதைதான், குக்கர் இல்லாமல் பருப்பு வேகாதது இதனால். அப்படியென்றால் ஊட்டி டீ மட்டும் எப்படி நன்றாக இருக்கிறது? நாம் டஸ்ட் தூளைப் பாலோடு போட்டுப் பொங்கப் பொங்கக் காய்ச்சுகிறோம். அங்கே கொதித்தும் கொதிக்காத வெந்நீரில் ஒரு பையை நனைத்து, பால்பொடியைக் கொடுத்துவிடுகிறார்கள். அடுப்பு கிடையாது, காய்ச்சுவதற்கு வழியும் கிடையாது. உலகத்தின் எந்தக் கம்பெனியிலும் சாதா வகுப்பில் உங்கள் வீட்டு டீ கிடைக்காது. வேறு கம்பெனிக்கு மாறிப் பார்ப்பதில் பயனில்லை.

உயரம் மட்டும்தான் காரணமென்றால் ஊட்டியில் யாருமே ருசித்துச் சாப்பிட முடியாது. விமானத்தில் இன்னும் இரண்டு சேர்கின்றன. உள்ளே ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே. மூக்கு காய்ந்துவிடும், மூக்கு காய்ந்தால் பாதி ருசி போயிற்று. கூடவே ஓயாத இரைச்சல். லுஃப்தான்சா கம்பெனிக்காக ஃப்ரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனம் 2010 வாக்கில் இதைச் சோதித்துப் பார்த்தது, அதுவும் உங்கள் மகள் இருக்கும் ம்யூனிக்குக்குப் பக்கத்திலேயே, ஹோல்ஸ்கிர்ஷனில். பழைய விமானத்தின் உடல் ஒன்றைக் கூடத்துக்குள் வைத்து, அழுத்தத்தைக் குறைத்து, ஆட்களை உட்கார்த்திச் சாப்பிட வைத்தார்கள். உப்பு 20 முதல் 30 சதவீதம் வரையும், இனிப்பு 15 முதல் 20 சதவீதம் வரையும் மங்கலாகத் தெரிந்தது. புளிப்பு அவ்வளவாகக் குறையவில்லை. கட்டுச்சோறு கட்டிய நம் பாட்டிகளுக்கு இது தெரிந்த விஷயம் என்று சொல்ல மாட்டேன், அவர்கள் கெட்டுப்போகாது என்றுதான் புளிசாதம் கட்டினார்கள். ஆனால் விமானத்தில் எடுபடுவதும் புளிசாதம்தான். கைப்பையில் தாராளமாகக் கொண்டுபோகலாம். ஐரோப்பாவில் இறங்குவதற்குள் தீர்த்துவிடுங்கள். பிள்ளை பெற்றவளுக்கென்று நெய்யோ பால்கோவாவோ கட்டிக்கொண்டு போகாதீர்கள், வெளிநாட்டுப் பால் பொருளும் இறைச்சியும் அங்கே உள்ளே விடமாட்டார்கள்.

சீட்டுக்கும் திரைக்கும் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விமானத்தை மாற்றும் உரிமையைக் கம்பெனி ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்துக்கொள்கிறது. மாற்றினால் சீட் வரைபடம் கலைந்துபோகும். ஆனால் சீட்டுக்கென்று தனியாக வாங்கிய காசைப் பெரும்பாலும் திருப்பித் தருவார்கள், கேட்டால் மட்டும். திரை எதற்கும் உத்தரவாதம் இல்லை. கேட்டால் கொஞ்சம் மைல் புள்ளி தருவார்கள், தராமலும் போகலாம்.

கடைசியாக அந்தப் பெண். முகம் சுளித்தது தப்புதான், நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் அவள் அங்கே நிற்பது எதற்கு என்று தெரிந்தால் கோபம் கொஞ்சம் இறங்கும். 50 இருக்கைக்கு ஒரு பணியாளர் என்பது பல நாடுகளில் சட்டம் கேட்கும் குறைந்தபட்சம், அந்தக் கணக்கு போட்டது தண்ணீர் கொடுக்க அல்ல. பாதி வாசல்களை மட்டும் திறந்து விமானம் முழுவதையும் 90 வினாடியில் காலி செய்ய முடியும் என்று நிரூபித்த பிறகுதான் ஒரு விமான ரகத்துக்கு அனுமதியே கிடைக்கும். நீண்ட பயணத்தில் அவர்களில் ஒரு பகுதி எப்போதும் ஓய்வறையில் இருப்பார்கள். விளக்கணைத்த நேரத்தில் முந்நூறு பேருக்கு விழித்திருப்பது நாலைந்து பேர். தண்ணீர் வேண்டுமானால் மணி அடிப்பதைவிடப் பின்பக்கத் திரைச்சீலைக்குப் போய்க் கேட்பது மேல், கால் வீக்கத்துக்கும் நல்லது.

"எண்பதாயிரம் கொடுத்து இதுதானா" என்றீர்கள். 2024 ஜூனில் உலக விமானக் கம்பெனிகளின் சங்கமான ஐயாட்டா போட்ட கணிப்பில், ஒரு பயணியிடம் கம்பெனிக்கு மிஞ்சும் நிகர லாபம் சராசரியாக 6 டாலர் 14 சென்ட். அவர்கள் அதைச் சொல்லி அழுவதைக் கேட்டு நான் கண்ணீர் விடுவதில்லை. ஆனால் விளம்பரத்தில் வெள்ளித் தட்டோடு வருகிறாளே ஒருத்தி, அவளுக்கான சம்பளம் உங்கள் எண்பதாயிரத்தில் இல்லை என்பது எனக்குத் தெரியும். அந்தப் படத்தை எடுத்தது முன்னால் இருக்கும் வகுப்பில்.

ஆகவே இரண்டு கடிதம். முதலாவது இந்த வாரமே: பெட்டி தாமதம், பிஐஆர் எண், பெட்டி கைக்கு வந்த தேதி, மூன்று ரசீது, மொத்தத் தொகை. இரண்டாவது தனியாக: டிக்கெட்டின் 13 இலக்க எண், விமான எண்கள், கொச்சியில் இறங்க வேண்டிய நேரம், இறங்கிய நேரம், 261ஆம் எண் விதிப்படி 1200 யூரோ. சீட் காசை இதிலேயே கடைசி வரியாகச் சேர்க்கலாம். இரண்டிலும் கோழி, டீ, திரை, சிரிப்பு எதுவும் வரக் கூடாது. ஐந்து மார்க் கேள்விக்கு ஒன்பது பக்கம் எழுதி, விடையை எட்டாம் பக்கத்தில் ஒளித்துவைத்த பையன்களை நீங்கள் திருத்தியிருப்பீர்களே. புகாரைப் படிக்கிறவருக்கும் அதே அலுப்புதான். கோழிக்கு ஒரு மன்னிப்பு எழுதி, கோப்பை மூடிவிடுவார்.

பதில் வராவிட்டால் யூரோ விஷயத்தை அங்கிருக்கும் மகள் ஜெர்மன் விமானத்துறை அலுவலகத்துக்கு எழுதட்டும். பெட்டி விஷயத்துக்கு நீங்கள் வெளியூர் போக வேண்டியதில்லை. 2019 நுகர்வோர் சட்டப்படி வசிக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம், நீலகிரி மாவட்ட ஆணையம் ஊட்டியில் இருக்கிறது. நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போட்டால் போதும்.

பெட்டியின் கைப்பிடியில் அந்த வெள்ளைக் காகிதப் பட்டை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தால் கிழிக்காதீர்கள். அதில் பத்து இலக்கத்தில் ஒரு எண் இருக்கும். அந்த எண் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து, முதல் கடிதத்தோடு அனுப்புங்கள்.